போன் ஆட்டோமேஷன்: கோடிங் தெரியாதவங்களுக்கும் சேர்த்து எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க டெக்னாலஜி பக்கத்துல போன் ஆட்டோமேஷன், அதாவது நாம தொடாமலே போன் தானா வேலை செய்யறத பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். அதுல சொன்னது எதுவும் தப்புன்னு நான் சொல்ல வரல, எழுதினவருக்கு விஷயம் நல்லாவே தெரியுது, ஆனா வேரியபிள், ஸ்கிரிப்ட், ஏபிஐன்னு மூணாவது பத்தியிலயே ஆரம்பிச்சு கடைசியில பத்து ஆப் பேர வரிசையா போட்டு முடிச்சிட்டார், படிக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க "இது கம்ப்யூட்டர் படிச்ச பசங்களுக்கு, நமக்கில்ல"ன்னு பக்கத்த திருப்பியிருப்பாங்க. அது எனக்கு வருத்தமா இருந்துச்சு, ஏன்னா இந்த வசதி உண்மையில யாருக்கு ரொம்ப தேவையோ அவங்கதான் அந்தப் பக்கத்த திருப்பினவங்க.

நான் வேலைல இருந்த வரைக்கும் கணக்கு எழுதினவ. கோடிங் ஒரு வரி தெரியாது, கத்துக்கற ஐடியாவும் இல்ல. ஆனா என் போன்ல நிறைய வேலை நான் தொடாமலே நடக்குது, ராத்திரி சத்தம் அடங்குறது, கார்ல ஏறினா மேப் திறக்குறது, மாத்திரை நேரத்துக்கு போன் வாய்விட்டு சொல்றது, இப்படி. இதுக்கெல்லாம் எனக்கு தேவைப்பட்ட திறமை என்னன்னு யோசிச்சா ஒண்ணே ஒண்ணுதான், என் நாள் எப்படி போகுதுன்னு எனக்கே தெளிவா சொல்லத் தெரியணும். "இது நடந்தா, அத செய்"னு ஒரு வாக்கியம் சொல்ல முடிஞ்சா போதும், மீதி போன் பாத்துக்கும். கணக்கு எழுதினவங்க, சமையல் பாக்குறவங்க, ஒரு வீட்ட நடத்துறவங்க எல்லாரும் இந்த மாதிரி வாக்கியத்துலதான் நாள் பூரா யோசிக்கிறோம்.

ஆனா ஒண்ணு, அந்த வாக்கியத்துல ரெண்டு பாகம்தான் இருக்குன்னு எல்லாரும் எழுதுறாங்க, "எப்ப", "என்ன". மூணாவது ஒண்ணு இருக்கு, "எப்ப பழையபடி ஆகணும்". இத விட்டுட்டுதான் பாதி பேர் ஆட்டோமேஷனே வேண்டாம்னு ஓடிப் போறாங்க. மீட்டிங்குக்கு போனா சைலண்ட் ஆகணும்னு ரூல் போடுவாங்க, ஆகும், ஆனா வெளிய வந்ததும் சத்தம் திரும்ப வரணும்னு யாரும் போனுக்கு சொல்லல, அது பாட்டுக்கு சாயங்காலம் வரைக்கும் சைலண்ட்லயே கிடக்கும், பத்து மிஸ்டு கால், திட்டு வாங்குறது போனோட ஓனர். சாம்சங் போன்ல மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்னு செட்டிங்ஸ்லயே இருக்கு, அது இந்த விஷயத்துல கெட்டிக்காரத்தனமா செஞ்சிருக்காங்க, காரணம் முடிஞ்சதும் பெரும்பாலும் தானாவே பழைய நிலைக்கு கொண்டு வந்துடும். ஐபோன்ல இதுக்குன்னு இருக்கற ஷார்ட்கட்ஸ் ஆப்ல அப்படி இல்ல, ஒரு இடத்துக்கு போனதுக்கு ஒரு ஆட்டோமேஷன், அங்கேருந்து கிளம்பினதுக்கு இன்னொண்ணுன்னு ரெண்டு தனித்தனியா போடணும். இந்த ஒரு வித்தியாசத்த உங்க கட்டுரையில ஒரு வரி சொல்லியிருந்தா எத்தனை பேருக்கு உதவியா இருந்திருக்கும்.

ஒரு உதாரணம் விவரமாவே சொல்றேன். எங்க அக்கா தனியா இருக்காங்க. அவங்ககிட்ட இருக்கறது ஐபோன், மக வாங்கிக் குடுத்தது. சார்ஜ் போட மறந்துடுவாங்க, போன் அணைஞ்சு போயிடும், வெளியூர்ல இருக்கற மக கூப்பிட்டா சுவிட்ச் ஆஃப்னு வரும், அந்தப் பொண்ணு பதறிப் போய் எனக்கு கூப்பிடும், நான் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு கூப்பிடுவேன், போய்ப் பாத்தா அக்கா நிம்மதியா டிவி பாத்துட்டு இருப்பாங்க. இதுக்கு செஞ்சது இவ்வளவுதான். ஷார்ட்கட்ஸ் ஆப்ப திறந்து கீழ ஆட்டோமேஷன்ங்கற இடத்துக்குப் போய் பிளஸ் அழுத்தினா ஒரு பெரிய லிஸ்ட் வரும், அதுல பேட்டரி லெவல். ஒரு கோட்ட இழுத்து 20 சதவீதத்துல நிறுத்தி, அதுக்குக் கீழ போனான்னு தேர்ந்தெடுக்கணும். அப்புறம் ரன் இம்மீடியட்லின்னு ஒண்ணு இருக்கும், அதத்தான் தொடணும், இல்லன்னா ஒவ்வொரு தடவையும் "செய்யட்டுமா"ன்னு அக்காகிட்டயே அனுமதி கேட்டு நிக்கும். அடுத்து செயல், மெசேஜ் அனுப்புறது, யாருக்குன்னு மக பேர், என்னன்னு "அம்மா போன்ல சார்ஜ் கம்மி". அந்த மெசேஜ் செயலோட பக்கத்துல ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அத தொட்டா ஷோ வென் ரன்னு ஒரு சுவிட்ச், அதையும் ஆஃப் பண்ணணும், இது பல பேர் கண்ணுக்குத் தெரியாம போற இடம்.

"ஏன்டி, இப்ப நான் எதையாவது அழுத்தணுமா?"ன்னு கேட்டாங்க அக்கா. "ஒண்ணும் வேண்டாம்க்கா, நீங்க டிவி பாருங்க"ன்னேன். இப்பல்லாம் மெசேஜ் போன உடனே மக கூப்பிட்டு "அம்மா, சார்ஜர எடும்மா"ன்னு சொல்லிடுது. எனக்கு வர்ற போன் நின்னு போச்சு, அதுக்காகவே இத செஞ்சேன்னு கூட சொல்லலாம்.

இதுல எந்த இடத்துலயாவது கோடிங் இருக்கா சொல்லுங்க. இருக்கறது நாலு தேர்வு, ஒரு வாக்கியம்.

இன்னொரு விஷயம் உங்க கட்டுரையில வரவே இல்ல. இந்த ஷார்ட்கட்ஸ் ஆப்பிளே கண்டுபிடிச்சது இல்ல. 2014 டிசம்பர்ல ஒர்க்ஃப்ளோன்னு ஒரு சின்ன கம்பெனியோட ஆப்பா வந்துச்சு, 2015ல ஆப்பிள் டிசைன் அவார்டு வாங்குச்சு, அது எதுக்குன்னா கண்ணு தெரியாதவங்க வாய்ஸ்ஓவர் வெச்சு, அதாவது திரையில இருக்கறத போன் படிச்சுச் சொல்ல சொல்ல கேட்டுக்கிட்டே அதுல முழுசா வேலை செய்ய முடியுங்கறத அப்ப ரொம்ப பாராட்டினாங்க. 2017 மார்ச்ல ஆப்பிள் அத வாங்கிட்டாங்க, 2018ல ஐபோன் சாஃப்ட்வேரான ஐஓஎஸ்ஸோட 12 வந்தப்ப ஷார்ட்கட்ஸ்னு பேர் மாறி வந்துச்சு, 2019ல ஐஓஎஸ் 13ல போனோடவே சேர்ந்து வர ஆரம்பிச்சுது, ஆட்டோமேஷன்ங்கற பகுதியும் அப்பதான் வந்துச்சு. அப்ப கூட ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு வேலை நடக்கணும்னா போன் அனுமதி கேட்டுட்டுதான் நடக்கும், 2020ல ஐஓஎஸ் 14 வந்த பிறகுதான் கேக்காம நடக்க விட்டாங்க. ஆக இது ஆரம்பத்துலேருந்தே திரைய பாக்க முடியாதவங்களையும் மனசுல வெச்சு செதுக்கின விஷயம், அத போய் இன்ஜினியருங்களுக்கான விளையாட்டு சாமான் மாதிரி எழுதினா எப்படி.

கை நடுக்கம் இருக்கறவங்க, விரல் சரியா மடங்காதவங்க, பார்வை மங்கினவங்க, ஞாபக மறதி ஆரம்பிச்சவங்க, இவங்களுக்கு ஒரு ஐகானத் தேடி, திறந்து, உள்ள மூணு மெனு தாண்டிப் போறது மலையேறுற வேலை. ஐஓஎஸ் 14லயே பேக் டேப்னு ஒண்ணு குடுத்தாங்க, போனோட முதுகுல ரெண்டு தட்டு தட்டினா நாம சொன்ன வேலை நடக்கும். மகனுக்கு போன் போடுறது, டார்ச் எரியறது, எது வேணா வெச்சுக்கலாம். கூகுளோட பிக்சல் போன்ல அடுத்த வருஷமே ஆண்ட்ராய்டு 12ல குயிக் டேப்னு இதே மாதிரி வந்துச்சு. என்எஃப்சி ஸ்டிக்கர்னு ஒண்ணு கிடைக்குது, காசு அளவு வட்டம், அத படுக்கை பக்கத்துல ஒட்டி, அதுக்கு ஒரு ரூலும் போட்டு வெச்சுட்டா, போன அதுமேல வெச்சதும் அலாரம் வெச்சு சத்தத்த அடக்கி வெளிச்சத்தையும் குறைச்சிடும். திரையில எதையும் தேட வேண்டாம், தொட வேண்டிய இடம் கைக்குத் தெரியும். பார்வை குறைஞ்ச ஒருத்தருக்கு இதோட அருமை என்னன்னு பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்குத்தான் புரியும்.

ஆண்ட்ராய்டு பக்கம் வந்தா கம்பெனிக்கு கம்பெனி கதை வேற. சாம்சங்ல 2019ல கேலக்ஸி எஸ்10 கூட பிக்ஸ்பி ரொட்டீன்ஸ்னு வந்ததுதான் 2022ல ஒன் யூஐ 5ங்கற சாம்சங் சாஃப்ட்வேர்ல மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ் ஆச்சு. பிக்சல்ல ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு, வைஃபை இல்லன்னா இடம், இத வெச்சு சத்தத்த மாத்துறதோட சரி, சின்ன வசதி. போன்லயே எதுவும் இல்லாதவங்களுக்கு நான் சொல்றது மேக்ரோட்ராய்டுங்கற ஆப். சிவப்புல "எப்ப", நீலத்துல "என்ன", பச்சையில "எந்த நிபந்தனையில மட்டும்"னு மூணு பெட்டி இருக்கும், பாத்தாலே புரியும், இலவசமா அஞ்சு ரூல் வரைக்கும் வெச்சுக்கலாம். சாதாரண வீட்டுக்கு அஞ்சு தாராளம். உங்க கட்டுரையில முதலிடம் குடுத்திருந்த டாஸ்கர் ரொம்ப பலமான ஆப்தான், பத்து வருஷத்துக்கு மேல இருக்கறது, ஆனா புதுசா ஆரம்பிக்கறவங்க கையில முதல் நாள் அத குடுக்கறது நியாயம் இல்ல. திறந்தா எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியாம மூடி வெச்சிடுவாங்க, அதோட அவங்க ஆட்டோமேஷன் முடிஞ்சுது.

இதுக்கெல்லாம் முன்னாடி இன்னொரு படி இருக்கு, அதுக்கு ஆட்டோமேஷன்னு யாரும் பேர் கூட வைக்கறதில்ல. தினமும் திரும்பத் திரும்ப டைப் பண்ற அட்ரஸ், மெயில் ஐடி, "வண்டி ஓட்டிட்டு இருக்கேன் அப்புறம் கூப்பிடுறேன்" மாதிரி வாக்கியம், இதுக்கெல்லாம் ரெண்டெழுத்து சுருக்கம் வெச்சுக்கலாம். ஐபோன்ல கீபோர்டு செட்டிங்ஸ்ல டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்னு இருக்கு, சுருக்கத்த அடிச்சு ஸ்பேஸ் தட்டினா முழு அட்ரஸும் வந்து நிக்கும். கூகுள் கீபோர்டான ஜிபோர்டுல பர்சனல் டிக்ஷனரின்னு இருக்கும், மேல வர்ற பரிந்துரைய ஒரு தடவை தொடணும், அவ்வளவுதான் வித்தியாசம். ஜிமெயில்ல மெயில் எழுதி வெச்சு நாளைக்கு காலையில போகச் சொல்றது 2019லேருந்தே இருக்கு. நோட்டிஃபிகேஷன் தொந்தரவு ராத்திரி வேண்டாம்னா டூ நாட் டிஸ்டர்ப்ல நேரம் போட்டு வெச்சு, வீட்டு ஆளுங்க கூப்பிட்டா மட்டும் அடிக்கணும்னு விதிவிலக்கு குடுக்கலாம். ஒரு ஆப்பும் டவுன்லோட் பண்ண வேண்டாம். ஒருத்தருக்கு சொல்லிக் குடுக்கணும்னா நான் இங்கதான் ஆரம்பிப்பேன், ஏன்னா பலன் அன்னைக்கே தெரிஞ்சிடும், பலன் தெரிஞ்சா அடுத்தத அவங்களே கேப்பாங்க.

இப்ப என் முக்கியமான குறைக்கு வர்றேன். ரூல் போடுறது சுலபம், அது நாலு நாள் கழிச்சும் ஓடணுமே, அங்கதான் சிக்கல். உங்க கட்டுரை மட்டும் இல்ல, நான் படிச்ச எல்லா கட்டுரையும், பாத்த எல்லா வீடியோவும் ரூல் ஒரு தடவை வேலை செஞ்சத காட்டிட்டு "பாத்தீங்களா எவ்வளவு ஈசி"ன்னு முடிச்சுக்குது. நிஜத்துல என்ன நடக்குதுன்னா, ஆண்ட்ராய்டு போன் செய்யற கம்பெனிங்க பேட்டரி மிச்சம் பிடிக்கறதா சொல்லி பின்னாடி ஓடுற ஆப்ப எல்லாம் நிறுத்திடறாங்க. 2015ல ஆண்ட்ராய்டு 6லயே டோஸ்னு ஒண்ணு வந்துச்சு, போன் ஆடாம அசையாம கிடந்தா ஆப்புங்கள தூங்க வைக்கறது, அது கூகுள் செஞ்சது, நியாயமான அளவுல இருந்துச்சு. அதுக்கு மேல ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு கத்தரி வெச்சிருக்கு. ஆட்டோமேஷன் ஆப்போட வேலையே பின்னாடி உக்காந்து காத்திருக்கறதுதான். அதப் போய் நிறுத்தினா ரூல் எப்படி ஓடும்? ஓடாதப்ப போன் ஒரு வார்த்தை சொல்லாது, மாத்திரை நேரம் அமைதியா கடந்து போயிடும்.

இதுக்கு மருந்து இருக்கு, ஆனா தேடி எடுக்கணும். அந்த ஆப்போட ஐகான கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சா ஆப் இன்ஃபோ வரும், அதுக்குள்ள பேட்டரி, அதுல அன்ரெஸ்ட்ரிக்டட்னு மாத்தணும். சில கம்பெனி போன்ல இதுக்கு மேல ஆட்டோஸ்டார்ட்னு தனியா ஒரு இடம் இருக்கு, அங்கயும் அனுமதி குடுக்கணும். அப்புறம் 2020ல ஆண்ட்ராய்டு 11லேருந்து இன்னொரு ஏற்பாடு, ரொம்ப நாள் திறக்காத ஆப்புங்களோட பர்மிஷன போனே எடுத்துக்கும். சாதாரண ஆப்புக்கு அது நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லல, ஆனா ஆட்டோமேஷன் ஆப்ப ஒழுங்கா செட் பண்ணிட்டா அத திறக்கற தேவையே வராது, ஒழுங்கா வேலை செஞ்ச குத்தத்துக்கே தண்டனை கிடைக்கற மாதிரி ஆயிடும். அதே ஆப் இன்ஃபோ பக்கத்துல அந்த சுவிட்சயும் அணைச்சு வைக்கணும். என்கிட்ட இருந்த ஒரு போன்ல அப்டேட் வந்த ராத்திரியே இதெல்லாம் பழையபடி மாறிடுச்சு, கம்பெனி பேர் வேண்டாம், கஸ்டமர் கேர்ல கேட்டா "ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்ப போடுங்க மேடம்"னு ஒரே பதில்.

இடத்த வெச்சு ரூல் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்தா இது, கிளம்பினா அதுன்னு ஜிபிஎஸ் வெச்சு போட்டா, வாசல்ல கால் வெச்ச நிமிஷமே நடக்கும்னு எதிர்பாக்க கூடாது. பேட்டரிக்காக போன் இடத்த எப்பவாவதுதான் பாக்கும், நூறு நூத்தம்பது மீட்டருக்குள்ள துல்லியம் எதிர்பாக்கறதும் கஷ்டம், சில நிமிஷம் முன்ன பின்ன ஆகும். லொகேஷன் பர்மிஷன எப்பவும்னு குடுக்கலைன்னா நடக்கவே நடக்காது. அதுக்கு பதிலா வீட்டு வைஃபைல சேர்ந்தா வீடு, கார் ப்ளூடூத்ல சேர்ந்தா கார்னு வெச்சுட்டா எவ்வளவோ நம்பகமா இருக்கு.

பழைய வீடியோ பாத்து செய்யறவங்க ஏமாந்து போறதுக்கும் காரணம் இருக்கு. 2019ல ஆண்ட்ராய்டு 10 வந்தப்ப வெளி ஆப்புங்க வைஃபைய நேரா ஆன் ஆஃப் பண்றதுக்கு கதவ அடைச்சாங்க. அதே சமயத்துல எஸ்எம்எஸ், கால் லாக் இதையெல்லாம் தொடற ஆப்புங்களுக்கு ப்ளே ஸ்டோர்ல கட்டுப்பாடு வந்துச்சு. அதனால அதுக்கு முந்தின வீடியோவுல பிரமாதமா ஓடினதுல பலது இப்ப ஓடாது. வீட்ல உக்காந்து செஞ்சு பாத்தவங்க "எனக்குத்தான் வரல போல"ன்னு நெனச்சுக்கறாங்க, பாவம். ஏஐ சாட்கிட்ட கேட்டு செய்யலாம்னு இப்ப நிறைய பேர் சொல்றாங்க, நானும் கேக்கறதுண்டு, தமிழ்லயே கேட்டா தமிழ்லயே படிப்படியா சொல்லுது, என்ன வேணும்னு நம்ம மனசுல இருக்கறத தெளிவாக்கிக்க நல்ல துணை. ஆனா போன்ல இல்லாத பட்டன் பேர கூட அடிச்சு சொல்லும், அது சொன்ன மெனு இல்லன்னா போன்மேலயோ உங்கமேலயோ சந்தேகப்படாதீங்க, "அந்த மெனு இல்ல, எனக்கு வர்றது இது"ன்னு திருப்பி சொன்னா மாத்தி சொல்லும்.

வெளி சர்வர, அதாவது நெட் வழியா வேற கம்பெனியோட கம்ப்யூட்டர நம்பி ஓடுற ரூலுக்கும் போனுக்குள்ளயே ஓடுற ரூலுக்கும் இருக்கற வித்தியாசத்தயும் நீங்க சொல்லியிருக்கணும். ஐஎஃப்டிடிடி மாதிரி சேவை ரெண்டு வேற வேற கம்பெனி ஆப்புங்கள கோக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா இலவசமா எத்தனை வேணா வெச்சுக்கலாம்னு இருந்தது 2020ல மூணுன்னு சுருங்கிச்சு. அந்த கம்பெனி நாளைக்கு என்ன முடிவெடுக்கும்னு நம்ம கையில இல்ல. நெட் இல்லாத நேரத்துலயும் ஓடணுங்கற ரூல், முக்கியமா மருந்து, அவசரம் சம்பந்தப்பட்டது, போனுக்குள்ளயே இருக்கணும்.

அடுத்தது பயப்பட வேண்டிய இடம். எதுக்கெல்லாமோ பயப்படற நம்ம ஆளுங்க இதுக்கு பயப்படறதில்ல. ஆட்டோமேஷன் ஆப் சிலது அக்சஸிபிலிட்டி பர்மிஷன் கேக்கும். அத குடுத்தா அந்த ஆப் திரையில இருக்கறத படிக்கும், நமக்கு பதிலா பட்டன அழுத்தும். நல்ல ஆப்புக்கு அது தேவைதான், ஆனா பேங்க் பணத்த திருடற மால்வேர் எல்லாம் கேக்கறதும் இதே பர்மிஷன்தான். யாரோ மெசேஜ்ல அனுப்பின ஏபிகேய, அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாம நேரா போடற ஆப் ஃபைல, போட்டு இந்த பர்மிஷனயும் குடுத்தா வீட்டு சாவிய குடுத்த கதைதான். இது தெரிஞ்சுதான் 2022ல ஆண்ட்ராய்டு 13ல, ப்ளே ஸ்டோர் வழியா வராத ஆப்புக்கு இந்த பர்மிஷன் சுலபமா கிடைக்காதபடி தடை வெச்சாங்க. "அந்தத் தடைய இப்படி எடுத்துடுங்க"ன்னு யாராவது போன்ல வழி சொன்னா, அந்த நிமிஷமே வெச்சிடணும். இன்னொண்ணு எஸ்எம்எஸ்ஸ வேற நம்பருக்கு தானா ஃபார்வர்டு பண்ற ரூல். வெளிநாட்டுக்கு போறப்ப சௌகரியமா இருக்கும்னு சிலர் வெச்சுக்கறாங்க, ஓடிபியும் எஸ்எம்எஸ்லதான் வருதுங்கறத மறந்துட்டு. பெத்தவங்க போன்ல அவங்களுக்கு தெரியாம யாராவது இப்படி ஒண்ண வெச்சிருக்காங்களான்னு வாரிசுங்க ஒரு தடவை பாத்துடறது நல்லது.

என் சொந்த அபிப்பிராயம் இது, ஒத்துக்கறதும் ஒத்துக்காததும் உங்க இஷ்டம். பணம் அனுப்பறது, எதையாவது அழிக்கறது, மனுஷங்களுக்கு பதில் சொல்றது, இந்த மூணையும் ஆட்டோமேஷன்கிட்ட விடக் கூடாது. வண்டி ஓட்டறப்ப "ஓட்டிட்டு இருக்கேன்"னு போறது வேற, அது தகவல். பிறந்தநாள் வாழ்த்து தானா போறதுக்கு வழி சொல்லிக் குடுக்கற வீடியோ நிறைய இருக்கு, அப்படி வாழ்த்தறதுக்கு சும்மா இருக்கலாம். தானா பதில் போடற ஆப் ரெண்டு பேர் போன்லயும் இருந்தா நடக்கற கூத்து இருக்கே, ராத்திரி பூரா ஒண்ணுக்கொண்ணு மரியாதையா பதில் சொல்லிக்கிட்டே இருக்கும்.

வாரத்துக்கு ஒரு ரூல் மட்டும் போடுங்க, அத ஒரு வாரம் பாத்துட்டு அடுத்தத போடுங்கன்னு எனக்குத் தெரிஞ்சவங்களுக்கு சொல்லுவேன். ஒரே நாள்ல எட்டு ரூல் போட்டா ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும், ஒண்ணு சைலண்ட் பண்ணும், இன்னொண்ணு சத்தத்த ஏத்தும், எது செஞ்சதுன்னு கண்டுபிடிக்க உக்காந்தா பொழுது போயிடும். ரூலுக்கு பேர் வைக்கறப்ப "புது ஆட்டோமேஷன் 3"ன்னு விடாம "ராத்திரி சத்தம் குறைய"ன்னு தமிழ்லயே தெளிவா வைக்கணும், அப்பதான் நாம இல்லாதப்ப வீட்ல வேற யாராவது அத அணைக்கணும்னாலும் முடியும்.

கடைசியா உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள். ஒண்ணு, வாரம் ஒரு ரூல்னு சின்ன கட்டம் போட்டு வெளியிடுங்க, "எப்ப, என்ன, எப்ப பழையபடி, எந்த பர்மிஷன்"னு நாலு வரி போதும், எந்த ஐஓஎஸ், எந்த ஆண்ட்ராய்டுல செஞ்சு பாத்ததுன்னு கீழ கண்டிப்பா போடுங்க, நாளைக்கு மெனு மாறினா படிக்கறவங்களுக்கு அதுதான் துப்பு. ரெண்டாவது, பேட்டரி கட்டுப்பாட்ட எடுக்கற வழி கம்பெனிக்கு கம்பெனி வேற வேற இடத்துல இருக்கு, அத ஒரு முழு அட்டவணையா போட்டு, பெரிய அப்டேட் வர்றப்பல்லாம் திருத்தி திரும்ப வெளியிடுங்க. எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும், அத வெட்டி வெச்சுக்கப் போறவங்க பாதிப் பேர் கண்ணாடி போட்டவங்க.

இப்படிக்கு,
உங்க பத்திரிகையோட நெடுநாள் வாசகி